ஊர்ப் பள்ளி மூடினா யார் திறப்பாங்க? அமெரிக்கக் கிராமங்களின் 'சார்ட்டர்' பள்ளிகள்: ஒரு விளக்கம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில் கார்ன்வில் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம். 2010-ல் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் அங்கிருந்த தொடக்கப் பள்ளியைப் பள்ளி மாவட்ட நிர்வாகம் மூடியது. குழந்தைகள் பக்கத்து ஊர்களுக்குப் பேருந்தில் போகத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 2012 அக்டோபரில், பூட்டிய அதே கட்டடத்தில் மறுபடி மணி அடித்தது. இந்த முறை பள்ளியைத் திறந்தது அரசு நிர்வாகம் அல்ல, ஊர் மக்கள். பணம் மட்டும் அரசாங்கத்துடையது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'சார்ட்டர் பள்ளி'. கேட்கும்போதே நெஞ்சு நிறையும் கதைதான். ஆனா, இதே சார்ட்டர் இன்னொரு கிராமத்தில் வேறு மாதிரி வேலை செய்திருக்கிறது. ஒரே சட்டம் ஓர் ஊரைச் சேர்த்து வைக்கும், இன்னோர் ஊரைப் பிரித்தும் வைக்கும். ஏன் இப்படி? பள்ளி இணைப்பு பற்றிய பேச்சு இந்தியாவிலும் சூடாக இருக்கும் நேரத்தில், இதைப் புரிந்துகொள்வது நமக்கும் நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்

• சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், கட்டணமின்றி, தனி நிர்வாகக் குழுவால் நடத்தப்படும் பொதுப் பள்ளி.
• நகரத்தில் அது கூடுதலாக ஒரு பள்ளி. கிராமத்தில் பல நேரம் அது ஒன்று, இல்லையென்றால் ஊரின் ஒரே பள்ளி. அல்லது ஊரின் ஒரே பள்ளிக்குப் போட்டி.
• நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள், அதற்கு வெளியே நிற்கும் குழந்தைகளுக்கு என்ன ஆனது என்பதில்தான் விடை இருக்கிறது.

சார்ட்டர் பள்ளின்னா என்ன?

'சார்ட்டர்' என்றால் சாசனம், அதாவது எழுத்துபூர்வமான ஓர் ஒப்பந்தம். பெற்றோர் குழுவோ, ஆசிரியர்களோ, ஒரு தொண்டு அமைப்போ அரசிடம் போய் இப்படிச் சொல்கிறார்கள்: "இந்தப் பாடத்திட்டத்தோட, இந்த முறையில ஒரு பள்ளி நடத்துறோம். பிள்ளைகள் இந்த அளவுக்கு முன்னேறுவாங்க. இத்தனை வருஷம் டைம் கொடுங்க." அரசு நியமித்த ஓர் அமைப்பு அதைப் பரிசீலித்து அனுமதி தரும். பெரும்பாலும் ஐந்து ஆண்டு போன்ற ஒரு காலக்கெடு இருக்கும். சொன்னதைச் செய்தால் புதுப்பிப்பு. செய்யாவிட்டால் பள்ளியை மூடலாம்.

பணம் எப்படி வரும்? குழந்தைக்கு இவ்வளவு என்ற கணக்கில் அரசு தருகிறது. குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்கு அந்தப் பணமும் போகும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன.

கட்டணம் வாங்கக் கூடாது. நுழைவுத் தேர்வு வைத்து நல்ல மதிப்பெண்காரர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பதிலுக்கு ஆசிரியர் நியமனம், கால அட்டவணை, பாடம் நடத்தும் முறை போன்றவற்றில் வழக்கமான அரசுப் பள்ளிக்கு இல்லாத சுதந்திரம் கிடைக்கும். எந்த அளவுக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நம்ம ஊர் மொழியில் சொன்னால், இதற்கு மிக நெருக்கமான உறவுக்காரர் அரசு உதவிபெறும் பள்ளி. அங்கேயும் நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. உதவிபெறும் பள்ளியில் அரசு மானியம் ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிட்டு வருகிறது. சார்ட்டரில் பணம் குழந்தையின் தலையைக் கணக்கிட்டு வருகிறது. அதோடு, ஒப்பந்தம் முடிந்ததும் பள்ளியின் ஆயுளே மறுபடி கேள்விக்கு வரும்.

யோசனை எங்கிருந்து வந்தது?

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட் என்பவர்தான் 'சார்ட்டர்' என்ற சொல்லைக் கல்விக்குள் கொண்டுவந்தவர். 1988-ல் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் ஓர் உரையில் இந்த யோசனையை நாடு முழுவதும் கவனிக்க வைத்தார். ஆமாம், ஒரு தொழிற்சங்கத் தலைவர்! ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து புதுமைகளைச் சோதித்துப் பார்க்கும் களம் என்றுதான் அவர் இதைக் கற்பனை செய்தார். அது பிற்பாடு போன திசையைப் பார்த்து அவரே விமர்சகராக மாறியது தனிக்கதை.

1991-ல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. 1992-ல் செயின்ட் பால் நகரில் 'சிட்டி அகாடமி' என்ற முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. பெயரிலேயே 'சிட்டி' இருப்பதைக் கவனியுங்கள். இன்றுவரை இது பெரும்பாலும் நகரத்துச் சங்கதிதான்.

அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தரவுகளின்படி, 2010-ல் சுமார் 18 லட்சமாக இருந்த சார்ட்டர் மாணவர் எண்ணிக்கை 2021-ல் சுமார் 37 லட்சமானது. அரசுப் பணத்தில் படிக்கும் பள்ளி மாணவர்களில் இது ஏறத்தாழ 7 சதவீதம். ஆனால் சார்ட்டர் பள்ளிகளில் பாதிக்கும் மேல் பெருநகரங்களில் இருக்கின்றன. கிராமப்புறத்தில் இருப்பவை சுமார் 11 சதவீதம் மட்டுமே. வழக்கமான அரசுப் பள்ளிகளில் பத்துக்கு மூன்று கிராமப்புறத்தில் இருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஏன் கிராமத்து சார்ட்டர் பத்திப் பேசணும்?

எண்ணிக்கை சின்னது, பாதிப்பு பெரியது. காரணம், அமெரிக்கக் கிராமங்களில் பள்ளி இணைப்பு என்பது ஒரு நூற்றாண்டுக் கதை. 1929-30 கல்வியாண்டில் அந்த நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமான ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. 1970-71-ல் அது இரண்டாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்களின் எண்ணிக்கையும் 1939-40-ல் 1,17,000-க்கு மேல் இருந்தது. இன்று சுமார் 13,000.

இதற்குக் காரணங்கள் இருந்தன. சாலை வந்தது, பேருந்து வந்தது. பண்ணைகள் பெரிதாகி, பண்ணைக் குடும்பங்கள் குறைந்தன. பெரிய பள்ளியில் ஆய்வகம் இருக்கும், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருப்பார், ஒரு குழந்தைக்கான செலவும் குறையும். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனா ஊரில் அது வேறு மாதிரி உணரப்பட்டது.

ஒரு கிராமத்துக்குப் பள்ளி என்பது வகுப்பறை மட்டுமா? விளையாட்டுப் போட்டிக்கு ஊரே கூடும் இடம் அது. தேர்தலில் வாக்குச்சாவடி, புயல் வந்தால் தங்குமிடம். பல கிராமங்களில் அதிகம் பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்களில் ஒன்றும் அதுதான். சமையல்காரர், ஓட்டுநர், எழுத்தர், ஆசிரியர் எல்லாருக்கும் அதுவே வேலை. இளம் தம்பதி ஓர் ஊரில் வீடு வாங்கலாமா என்று யோசிக்கும்போது முதலில் கேட்பது "ஸ்கூல் எங்க இருக்கு?" என்றுதான். பள்ளி போனால் அடுத்த தலைமுறை வராது. அது வராவிட்டால் கடை போகும்.

கார்னெல் பல்கலைக்கழக சமூகவியலாளர் தாமஸ் லைசன் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. நியூயார்க் மாநிலத்தின் சிறு கிராமங்களைப் பள்ளி உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து ஒப்பிட்டார். பள்ளி உள்ள சிற்றூர்களில் வீடுகளின் மதிப்பு அதிகமாக இருந்தது. குடிநீர், கழிவுநீர் வசதிகள் மேம்பட்டிருந்தன. உள்ளூரிலேயே வேலை பார்ப்பவர்கள் கூடுதலாக இருந்தார்கள். பள்ளி இருப்பதால்தான் ஊர் நன்றாக இருக்கிறதா, ஊர் நன்றாக இருப்பதால் பள்ளி தப்பித்ததா என்பதை இப்படிப்பட்ட ஒப்பீடு மட்டும் முடிவு செய்துவிடாது. ஆனாலும் பள்ளியும் ஊரும் ஒன்றோடொன்று பின்னியிருப்பது தெளிவு.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், மூடும் நிலையில் இருந்த கிராமத்துக்கு சார்ட்டர் ஏன் உயிர்நாடியாகத் தெரிந்தது என்பது புரியும்.

மூணு ஊர், மூணு வழி

ஒன்று: வால்டன், கான்சஸ். நிர்வாகமே மாறிய கதை.

வால்டன் கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஊர். 2010 கணக்கெடுப்பில் 235 பேர். அங்கிருந்த தொடக்கப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, மூடுவதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. நியூட்டன் பள்ளி மாவட்ட நிர்வாகம் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தது. 2007-ல் அதே பள்ளியை, விவசாயத்தை மையமாகக் கொண்ட சார்ட்டர் பள்ளியாக மாற்றியது. பெயர், 'வால்டன் ரூரல் லைஃப் சென்டர்'.

குழந்தைகள் கோழி வளர்த்தார்கள், முட்டையை எண்ணி விற்றார்கள். தீவனத்துக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதே கணக்குப் பாடம். செடி வளர்ப்பு அறிவியல் பாடம். ஒவ்வொரு வகுப்பும் சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து வேலை செய்தது. சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது, காத்திருப்போர் பட்டியலும் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, பக்கத்து நகரமான நியூட்டனிலிருந்தும் குழந்தைகள் வந்தார்கள் என்பது. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகும் பேருந்துதான் வழக்கம். இங்கே திசை திரும்பியது. கான்சஸ் சட்டப்படி சார்ட்டருக்கு உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதால், அந்த மாநிலத்தில் சார்ட்டர் பள்ளிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் அதே காரணத்தால் வால்டனில் பழைய நிர்வாகமும் புதுப் பள்ளியும் எதிரிகள் ஆகவில்லை. மாவட்டத்துக்குள் இருக்கும் குழந்தை எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் பணம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது.

இரண்டு: கார்ன்வில், மெய்ன். ஊரே திறந்த கதை.

தொடக்கத்தில் சொன்ன ஊர். இங்கே நிர்வாகம் மூடிவிட்டது. மக்களுக்கு வழி விட்டது மாநிலச் சட்டம். மெய்ன் 2011-ல்தான் சார்ட்டர் சட்டம் இயற்றியது, அப்படிச் செய்த 41-வது மாநிலம் அது. முதல் பத்தாண்டுகளில் பத்துப் பள்ளிகளுக்கு மேல் கூடாது என்று எச்சரிக்கையாக ஒரு வரம்பும் வைத்தது. அடுத்த ஆண்டே திறந்த முதல் இரண்டு பள்ளிகளில் ஒன்று கார்ன்வில் ரீஜனல் சார்ட்டர் ஸ்கூல். சுமார் 60 குழந்தைகள். தொடக்க வகுப்புகளில் தொடங்கி, பின்னர் பக்கத்து நகரமான ஸ்கௌஹீகனிலும் கிளைவிட்டு, மேல் வகுப்புகள் வரை வளர்ந்தது.

ஆனா, இங்கே பணக் கணக்கு வேறு. கார்ன்வில் பள்ளிக்குப் போன ஒவ்வொரு குழந்தைக்கான பணமும், அந்தக் குழந்தை விட்டுவந்த பள்ளி மாவட்டத்தின் பையிலிருந்து போனது. பணமில்லாமல் பள்ளியை மூடிய மாவட்டத்துக்கு, மூடிய பிறகும் அதே ஊருக்காகப் பணம் கட்ட வேண்டிய நிலை. ஒரே வட்டாரத்தில் ஒரு சார்ட்டர் இருந்தால் அந்தச் சுமை முழுவதும் அந்தச் சில மாவட்டங்களின் தலையில்தான். இந்தச் சிக்கல் மாநிலம் வரை பேசப்பட்டு, 2015-ல் விதி மாறியது. சார்ட்டர் பணத்தை மாநில அரசே நேரடியாகத் தரும், சுமை மாநிலம் முழுக்கப் பகிரப்படும் என்று ஆனது. கிராமத்துச் சார்ட்டர் பற்றி யோசிக்கும் எவரும் கவனிக்க வேண்டிய திருத்தம் இது.

மூன்று: காஸ்டன், வட கரோலினா. வெளியிலிருந்து வந்த கதை.

வர்ஜீனியா எல்லையை ஒட்டிய நார்தாம்ப்டன் கவுன்டியில் நிலக்கடலையும் பருத்தியும் விளையும். மக்களில் பெரும்பான்மை கறுப்பினத்தவர், வறுமையும் அதிகம். அங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியர்களாக வேலை பார்த்த கேலப் டோலன், டாமி சட்டன் இருவரும் 2001-ல் 'கிப்' என்ற தேசிய சார்ட்டர் வலையமைப்பின் பெயரில் காஸ்டன் காலேஜ் பிரிபரேட்டரி பள்ளியைத் தொடங்கினார்கள். இடம், முன்பு நிலக்கடலை விளைந்த வயல். முதலில் ஐந்தாம் வகுப்பு மட்டும், சுமார் 80 பிள்ளைகள். நீண்ட பள்ளி நேரம், கறாரான ஒழுங்கு, "எல்லாரும் காலேஜ் போறோம்" என்ற ஒற்றை இலக்கு. உயர்நிலைப் பள்ளியின் முதல் அணி 2009-ல் படிப்பை முடித்தது.

கல்லூரிக் கனவே எட்டாத இடத்தில் அதைச் சாதாரணமாக்கியது பெரிய விஷயம். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. நன்றாகப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய், பிறகு ஊருக்குத் திரும்புவார்களா? வேலை இல்லாத ஊரில் நல்ல பள்ளி என்பது நல்ல வெளியேறும் வழியாகவும் ஆகிவிடும். கிராமத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு வந்த பலருக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கணக்கு எங்கே உதைக்குது?

இப்போது அந்த 'ஒரு வரி'க்கு வருவோம். குழந்தையோடு பணமும் போகும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிராமத்துப் பள்ளி மாவட்டத்தில் 400 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கிண்டர்கார்டன் முதல் 12 வரை மொத்தம் 13 வகுப்புகள். வகுப்புக்குச் சராசரியாக 31 பேர். புதிதாகத் திறந்த சார்ட்டருக்கு 30 பிள்ளைகள் போகிறார்கள். குழந்தைக்கு 10,000 டாலர் என்று வைத்தால், மாவட்டத்துக்கு 3 லட்சம் டாலர் வரவு குறையும்.

செலவு எவ்வளவு குறையும்? அந்த 30 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போகவில்லை. வகுப்புக்கு இரண்டு, மூன்று பேர்தான். 31 பேர் இருந்த வகுப்பில் இப்போது 28 அல்லது 29 பேர். அதற்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். பேருந்து அதே சாலையில் அதே தூரம் ஓட வேண்டும். குளிர்காலத்தில் கட்டடம் முழுவதையும் சூடாக்கித்தான் ஆக வேண்டும். ஆக, வரவு 3 லட்சம் குறைந்தது. செலவோ கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

இடைவெளியை நிரப்ப எதை வெட்டுவார்கள்? இசை ஆசிரியர், நூலகர், இன்னொரு மொழிப் பாடம், விளையாட்டு. இவை குறைந்தால் இன்னும் சில பெற்றோர் வெளியேறுவார்கள். அடுத்த வருஷம் இன்னொரு வெட்டு. பெருநகரத்தில் நானூறு, ஐந்நூறு பிள்ளைகள் வெளியேறினால் ஒரு கட்டடத்தையே மூடி ஓரளவு சமாளிக்கலாம். ஒரே கட்டடம் உள்ள ஊரில் எதை மூடுவது?

சார்ட்டர் பக்கமும் நிம்மதி இல்லை. 60 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 6 பேர் இடம் மாறினால் பத்தில் ஒரு பங்கு வருமானம் காலி. கட்டடத்துக்கென்று தனி நிதி கிடைப்பதும் பல மாநிலங்களில் கடினம். தொடக்க ஆண்டுகளுக்கு மத்திய அரசின் மானியம் கிடைக்கும், அது முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை.

உள்ளே யாரு, வெளியே யாரு?

குலுக்கல் என்பதால் எல்லாருக்கும் சம வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் பள்ளி 25 கிலோமீட்டர் தள்ளி இருந்து, பேருந்தும் விடாவிட்டால்? சார்ட்டர் பள்ளி போக்குவரத்து வசதி செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எல்லா மாநிலங்களிலும் இல்லை. கார் இல்லாத வீட்டுப் பிள்ளை குலுக்கலில் பெயரே போடாது. இலவச மதிய உணவு இல்லாத பள்ளிக்கு ஏழைப் பெற்றோர் விண்ணப்பிக்க மாட்டார்கள். சட்டம் கதவை மூடவில்லை. ஆனா வாசல் வரை வர எல்லாராலும் முடியவில்லை.

இதன் கூர்மையான உதாரணம் வட கரோலினாவிலேயே, காஸ்டனுக்குப் பக்கத்துக் கவுன்டியான ஹாலிஃபாக்ஸில் இருக்கிறது. ஹாப்குட் என்ற சிற்றூரில், பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை நீதிமன்ற உத்தரவுகளால் உடைந்துகொண்டிருந்த காலத்தில், 1970-ஐ ஒட்டி ஒரு தனியார் பள்ளி தொடங்கியது. கட்டணம் கட்டி அங்கே போனவர்கள் வெள்ளையினக் குடும்பங்கள். 2019-ல் அந்தப் பள்ளி சார்ட்டராக மாறியது, இனி கட்டணம் கிடையாது, அரசுப் பணம். மாறியபோதும் அதன் மாணவர்களில் மிகப் பெரும்பான்மை வெள்ளையினத்தவர். அந்தக் கவுன்டியின் பொதுப் பள்ளிகளில் படிப்பவர்களில் மிகப் பெரும்பான்மை கறுப்பினக் குழந்தைகள்.

ஆதரவாளர்கள் சொல்வது: "கட்டணம் போனதால் இப்ப யாரும் சேரலாம்." எதிர்ப்பாளர்கள் கேட்பது: "ஐம்பது வருஷமா பிரிஞ்சு நின்ன பள்ளிக்கு இப்ப எங்க வரிப் பணமா?" ஊர் தன் பள்ளியைக் காப்பாற்றிக்கொண்டது என்று கார்ன்வில்லைப் பார்த்து நாம் சொன்ன அதே வாக்கியத்தை இங்கேயும் சொல்லலாம். ஆனால் அதில் 'ஊர்' என்பது யார்? சேரியும் ஊரும் தனித்தனியாக இருக்கும் நிலத்திலிருந்து வந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

சரி, பிள்ளைங்க நல்லா படிக்கிறாங்களா?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 'கிரெடோ' ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட பெரிய ஒப்பீட்டில், நாடு தழுவிய சராசரியாக சார்ட்டர் மாணவர்கள் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம் காட்டினார்கள் என்று கணக்கிட்டது. நகரத்துப் பள்ளிகளில் இந்த முன்னிலை இன்னும் அதிகம். கிராமப்புறத்தில் அப்படி இல்லை. வாசிப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, கணிதத்தில் சற்றுப் பின்னடைவு. ஆன்லைன் வழியில் மட்டுமே நடக்கும் சார்ட்டர்களின் நிலை எல்லாவற்றிலும் மோசம்.

ஆக, "சார்ட்டர் வந்தால் கல்வித்தரம் தானாக உயரும்" என்ற வாதம் கிராமத்தில் வலுவாக நிற்கவில்லை. நூறு கிலோமீட்டருக்குள் இயற்பியல் ஆசிரியரே கிடைக்காத ஊரில், பள்ளியின் பெயர்ப் பலகையை மாற்றினால் ஆசிரியர் முளைத்துவிட மாட்டார். கிராமத்துச் சார்ட்டரின் பலம் மதிப்பெண்ணில் அல்ல, பள்ளி ஊருக்குள் இருப்பதில் இருக்கிறது.

கிராமத்து வாக்காளர்கள் என்ன சொல்றாங்க?

சார்ட்டர் சட்டத்தை இயற்றக் கடைசிவரை தயங்கிய மாநிலங்களின் பட்டியலைப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியா 2019, மொன்டானா 2023, வடக்கு டகோட்டா 2025. நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட் இன்னும் தள்ளியே நிற்பவை. பெரும்பாலும் கிராமங்கள் நிறைந்த மாநிலங்கள். இவற்றில் பல, 'பெற்றோருக்குத் தேர்வு உரிமை' பேசும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள்.

2024 நவம்பரில் கென்டக்கியில், வழக்கமான பொதுப் பள்ளி அமைப்புக்கு வெளியே படிக்கும் குழந்தைகளுக்கு அரசுப் பணம் தர வழிவிடும் அரசியல் சாசனத் திருத்தம் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. அதே தேர்தலில் டிரம்புக்கு அள்ளிக் கொடுத்த மாநிலம் அது. திருத்தமோ 120 கவுன்டிகளிலும் தோற்றது, ஒன்றுகூட மிச்சமில்லை. கட்சி வேறு, ஊர்ப் பள்ளி வேறு என்று கிராமத்து வாக்காளர்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

இந்தியாவுக்கு இதுல என்ன இருக்கு?

இந்தியாவில் சார்ட்டர் சட்டம் இல்லை. ஆனால் அதைப் பிறப்பித்த நெருக்கடி இங்கேயும் வந்துவிட்டது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'யூடைஸ் பிளஸ்' 2024-25 தரவுகளின்படி, நாட்டில் 1,04,125 ஓராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் படிக்கிறார்கள். ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் 7,993.

2025 ஜூன் மாதம் உத்தரப் பிரதேச அரசு, மாணவர் குறைவாக உள்ள அரசுப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க உத்தரவிட்டது. எதிர்த்துப் போடப்பட்ட மனுக்களை அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஜூலையில் தள்ளுபடி செய்தார். அதே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு, சீதாபூர் மாவட்டத்தில் அப்போதைய நிலையே தொடர வேண்டும் என்றது. கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பள்ளி குழந்தையின் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், 6 முதல் 8 வரை மூன்று கிலோமீட்டருக்குள். ஒரு கிலோமீட்டர் என்பது கூகுள் மேப்பில் ஒரு விரல் தூரம். இடையில் ஒரு நெடுஞ்சாலையோ, ஓடையோ, வேற்றுச் சாதித் தெருவோ இருந்தால் ஆறு வயதுக் குழந்தைக்கு அது பெரிய தூரம்.

"ஆள் இல்லாத பள்ளியைத் தனியார் அமைப்பிடம் கொடுத்துவிடலாமே" என்ற யோசனை இந்த இடத்தில்தான் வழக்கமாக எழும். அமெரிக்க அனுபவம் அதற்கு ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது.

• ஒப்பந்தத்தில் ஊருக்குக் கையெழுத்து இருக்கிறதா? கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கெனவே உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு உண்மையான அதிகாரம் தராமல் புது ஏற்பாடு தேடுவது ஏன்?
• பணம் எங்கிருந்து போகிறது? பக்கத்துப் பள்ளியின் பையிலிருந்தா, மாநிலம் முழுக்கப் பகிர்ந்தா?
• பேருந்தும் மதிய உணவும் ஒப்பந்தத்துக்குள் இருக்கின்றனவா?
• மாணவர் சேர்க்கையைச் சாதிவாரியாகவும் வருமானவாரியாகவும் வெளியிடுவார்களா?
• அமைப்பு கைவிட்டுப் போனால் மறுநாள் காலை குழந்தைகள் எங்கே போவார்கள்?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். வால்டனில் சோதனை தோற்றிருந்தால், குழந்தைகளை ஏற்க அதே பள்ளி மாவட்டம் பொறுப்போடு நின்றது. வெளியிலிருந்து வரும் அமைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் அது மூட்டை கட்டிவிடலாம். ஊரால் அப்படிப் போக முடியாது.

உங்கள் சொந்த ஊரில் நீங்கள் படித்த தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் தெரியுமா? யூடைஸ் இணையதளத்தில் பள்ளியின் பெயர் போட்டுத் தேடினால் வந்துவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அந்த எண்ணோடு பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள். பள்ளி மூடுவதற்கு உத்தரவு வந்த பிறகு பேசுவதைவிட, அதற்கு முன்னால் பேசுவதில்தான் பலன்.